மூலை பிய்ந்த கார்டு

“தலையைத் தூக்காதே! ஒருக்களிச்சுப் படுக்க வை!”

அம்மா கத்திக்கொண்டே சாலையைக் கடந்து ஓடி வருகிறாள். ஊசி போடும்போது மாட்டிய கையுறையைக் கழற்றக்கூட இல்லை. ஒரு கார் அவளுக்காகக் கிறீச்சிட்டு நிற்கிறது. எதிர்ப்பக்கத்திலிருந்து அண்ணன் மைக்கைப் போட்டுவிட்டு ஓடி வருகிறான். போட்ட மைக் தரையில் உருள, ஒலிபெருக்கி ஊளையிடுகிறது. நடுச்சாலையில் அப்பா கிடக்கிறார். அவர் மேலும், அவரைச் சுற்றியும், அவர் கைப்பிடிக்குள்ளும் நோட்டீஸ்கள்.

நான் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அப்பா இறங்கும்போது “பிடிச்சுக்க” என்று சொன்னார், பிடித்துக்கொண்டேன். அப்பாவே விழுந்து கிடக்கிறார், நான் ஸ்கூட்டர் விழாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விடவே தோன்றவில்லை.

“நாடி இருக்கு. கழுத்து பட்டனைக் கழட்டு.”

“கழட்டிட்டேன்மா.”

“உடம்பு கொதிக்குதேடா. எப்போ இருந்து இப்படி?”

“தெரியலம்மா. காலைல நல்லாத்தான் பேசினார்.”

“சரி, காலைப் பிடி. ஓரமா தூக்கலாம். நான் சொல்லும்போது தூக்கு.”

வாரக்கணக்கில் ஒருவருக்கொருவர் முகம் கொடுக்காத அம்மாவும் அண்ணனும் இப்படிப் பேசிக்கொண்டார்கள். இவர்கள் எப்போது பேசுவார்கள் என்று நான் எவ்வளவு ஏங்கியிருக்கிறேன்! அதற்கு அப்பா நடுச்சாலையில் விழ வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டுச் சண்டையைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டு வருபவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்கு நான் கடகடவென்று சொல்லிவிடுகிறேன். மெதுவாகச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. நடுராத்திரி. வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன். பயமாக இருக்கிறது.

கீழே அச்சகம், மேலே வீடு. அச்சகம் அப்பாவுடையது. அம்மா நர்ஸ். இந்தத் தொற்று வந்து, அதற்குத் தடுப்பூசியும் வந்த பிறகு, நூலகக் கூடத்தில் நடக்கிற ஊசி முகாம்தான் அவளுக்கு எல்லாம். காலையில் போனால் கால் வீங்கித்தான் திரும்பி வருவாள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். மெக்கானிக்காக இருந்தான். ஊசி போடாதவர்கள் வேலைக்கு வர வேண்டாம் என்று அவன் கம்பெனி உத்தரவு போட்டது. “நாலு சுவத்துக்கு நடுவுல தனியா தொங்கிட்டு வேலை செய்யறேன். நான் யாருக்கு ஒட்ட வைக்கப் போறேன்?” என்று கேட்டான். அவர்கள் பதில் சொல்லாமல் அவனை நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து கட்டாய ஊசியை எதிர்க்கிற கூட்டத்தில் அவன்தான் மைக் பிடிக்கிறான்.

போன மாசம் சாப்பாட்டு மேஜையில் அது வெடித்தது.

“என் பையனே என் வேலையை விஷம்னு சொல்றான்.”

“விஷம்னு நான் சொல்லல. வேணாம்னு சொல்ற உரிமை வேணும்னு சொன்னேன்.”

“ரெண்டும் ஒண்ணுதான்டா. நீ வேணாம்னு நிக்கறதைப் பார்த்து இன்னும் நாலு பேர் நிப்பாங்க. அவங்கள்ல ஒருத்தருக்கு மூச்சு முட்டும்போது கையைப் பிடிச்சுட்டு நிக்கறது நான். நீ இல்ல.”

ஆளுக்கொரு பக்கம் எழுந்து போனார்கள். அப்பா மட்டும் உட்கார்ந்து, எல்லார் தட்டையும் அடுக்கிக் கழுவி வைத்தார். “கத்தி முடிச்சவங்களுக்குப் பசிக்கும், மிச்சத்தை மூடி வை மேஸ்திரி” என்றார் என்னிடம். அவர் மகள் நான்தான் அச்சகத்தில் எடுபிடி வேலை எல்லாம் செய்கிறேன், அதனால் அந்தப் பட்டம்.

இனி இன்றைய பொழுது.

இன்று முகாமின் பெரிய நாள். வீடு வீடாகச் சொல்லி ஆட்களை வரவழைத்திருந்தார்கள். அதே நாளில், அதே நூலகத்துக்கு எதிரே, அண்ணனின் கூட்டம். இரண்டுக்கும் நோட்டீஸ் அடித்தது அப்பா. “வெளியில குடுத்தா தப்பும் தவறுமா அடிச்சு வைப்பாங்க. நானே அடிச்சுத் தரேன், ரெண்டு பேருக்கும்” என்று வாங்கிக்கொண்டார்.

அம்மாவின் நோட்டீஸை நேற்றே அடித்துவிட்டார். “உங்களுக்காக மட்டும் அல்ல, பக்கத்தில் நிற்பவருக்காகவும். இன்றே ஊசி போட்டுக்கொள்ளுங்கள்” என்று இருக்கும். அண்ணனுடையதை இன்று காலையில் அடித்தார். “என் உடம்பு, என் முடிவு. கேட்டுப் போடு, கட்டாயப்படுத்தாதே.”

அச்சகக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மெஷினைப் போட்டதும் இங்க் சீராக வராது. அது வரும்வரை நல்ல தாளை வீணாக்க மனசு வராது. முந்தின வேலையில் கெட்டுப்போன தாளைக் கவிழ்த்துப் போட்டு, அதன் பின்பக்கத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். சீரானதும் அந்தத் தாளையெல்லாம் தூக்கி வேஸ்ட் பெட்டியில் போட்டுவிட்டு நல்ல தாளை ஏற்றுவார்கள். அப்பா இதை எத்தனையோ வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிறார்.

இன்று அவர் கண் உண்மையிலேயே பாதி மூடித்தான் இருந்தது.

“என்னப்பா, இப்படி இருமறீங்க?”

“பேப்பர் தூசிடா.”

“தூசி நேத்தும்தானே இருந்துச்சு?”

“நேத்து தூசி லீவுல இருந்துச்சு. நீ கட்டு கட்டு, நேரமாச்சு.”

மெஷினில் ஒரு கையை ஊன்றியபடிதான் நின்றார். ஓட்டிப் பார்த்த தாள்களை எடுத்து, வேஸ்ட் பெட்டியில் போடாமல், நல்ல அடுக்கின் மேல் வைத்தார். நான் மேல்பக்கத்தை மட்டும் பார்த்தேன். “என் உடம்பு, என் முடிவு” பளிச்சென்று இருந்தது. கட்டுக் கட்டாகக் கட்டினேன். ஒரு தாளையாவது திருப்பிப் பார்த்திருக்கலாம்.

அம்மா தன் கட்டை எடுக்கக் கீழே வந்தபோது அண்ணனும் வந்தான். நான் நடுவில் தந்திக் கம்பி.

“உங்க அண்ணன்கிட்ட சொல்லு, வரிசையில நிக்கறவங்களை வழிமறிக்க வேண்டாம்னு.”

“அம்மாகிட்ட சொல்லு, யாரையும் மறிக்கல, நோட்டீஸ்தான் குடுக்கறோம்னு.”

“அவன் மாஸ்க்கை மூக்கு வரைக்கும் ஏத்திப் போடச் சொல்லு.”

“சொல்லிட்டேன்மா, கேட்டுட்டான், ஏத்திட்டான்” என்றேன். அப்பா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவில்லை. அம்மா வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

“தூசி” என்று அப்பா கையை ஆட்டினார். வெளியே முகாம் வண்டி ஹார்ன் அடித்தது. அம்மா போய்விட்டாள்.

முற்பகலில் அண்ணனின் போன் வந்தது. பின்னால் ஒரே கூச்சல்.

“அப்பா, என்ன அடிச்சுக் குடுத்தீங்க? ஒரு பக்கம் போடாதேங்கற மாதிரி இருக்கு, திருப்பினா போடுன்னு இருக்கு! இங்க அடிதடி ஆகப் போகுது!”

அப்பா திரும்பி வேஸ்ட் பெட்டியைப் பார்த்தார். அது காலியாக இருந்தது. “ஐயோ” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். தள்ளாடியவரை நான்தான் பின்னால் உட்கார வைத்து ஓட்டினேன். எனக்கு ஓட்ட வயசு வரவில்லை. அதைக் கேட்க யாருக்கும் இன்று நேரமில்லை.

நூலக வாசலில் இரண்டு கூட்டமும் ஒன்றாகக் கலந்திருந்தது. அண்ணனின் ஆட்கள் தாங்கள் அறியாமலே வரிசையில் நின்றவர்களுக்கும் அந்தத் தாளைக் கொடுத்திருக்கிறார்கள்.

“ஏம்ப்பா, இந்தப் பக்கம் படிச்சா நிக்கணும்னு தோணுது, அந்தப் பக்கம் படிச்சா வீட்டுக்குப் போகணும்னு தோணுது. நான் என்ன பண்ண?” ஹெல்மெட்டைக் கழற்றாத ஒருவர் கேட்டார்.

“ஒரு கையில மட்டும் போட்டுக்கங்கண்ணே!”

“எல்லாருக்கும் ஒரு கையிலதான்யா போடறாங்க!”

நாலைந்து பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

“இது முகாம்காரங்க சதி. நம்ம நோட்டீஸுக்குப் பின்னாடி அவங்க விளம்பரத்தை அடிச்சிருக்காங்க!”

“யோவ், திருடினது நீங்க! எங்க நோட்டீஸை எடுத்து முதுகுல அடிச்சிருக்கீங்க!”

வரிசையில் நின்ற ஒரு அம்மா அந்தத் தாளைக் கசக்கி அண்ணன் காலடியில் போட்டார். “என் வீட்டுக்காரர் மூச்சு விட முடியாம போனாரு. கூட நிக்கக்கூட விடல. உங்களுக்கு இது விளையாட்டா?”

அண்ணன் குனிந்து அந்தத் தாளை எடுத்தான். அவன் பக்கத்தில் நின்ற பெண்தான் பேசினார். “எங்களுக்கும் விளையாட்டு இல்லம்மா. என் தங்கச்சி ஊசி போட்ட அன்னைக்கே மயங்கி விழுந்தா. எதனாலன்னு கேட்டேன். ஒருத்தரும் நின்னு பதில் சொல்லல. கேக்கக்கூடக் கூடாதா நாங்க?”

“கேளுங்க, யார் வேணாம்னா? மத்தவங்களை ஏன் தடுக்கறீங்க?”

“யாரு தடுத்தா? எங்க வேலையைத்தான் பறிச்சாங்க!”

இத்தனையும் நான் ஏற்கெனவே வீட்டில் கேட்டவை. அதே வார்த்தைகள், அதே வரிசை. ஊரே எங்கள் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பது போல இருந்தது. யாருக்கும் புதிதாகக் கோபப்படக்கூடத் தெம்பு இல்லை. பழைய கோபத்தையே திரும்பத் திரும்ப எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா நடுவில் போய் இரண்டு கையையும் தூக்கினார்.

“தப்பு என்னுதுங்க. மெஷின்ல நடந்த தப்பு. இவங்களும் பண்ணல, அவங்களும் பண்ணல. எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடுங்க, வேற அடிச்சுத் தரேன்.”

“நீ யாரு?”

“அச்சகம்.”

“அச்சகம் எந்தப் பக்கம்?”

சாதாரணமாக இதற்கு அப்பாவிடம் ஒரு ஜோக் இருக்கும். வாயைத் திறந்தார். இருமல் வந்தது. குனிந்து நோட்டீஸ்களைப் பொறுக்க ஆரம்பித்தார். நாலு தாள் எடுத்திருப்பார். பிறகு முழங்கால் மடங்கி, மெதுவாக, யாரோ உட்காரச் சொன்ன மாதிரி உட்கார்ந்து, அப்படியே சாய்ந்தார்.

மிச்சத்தைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

ஆஸ்பத்திரி நடையில் ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலியில் பிளாஸ்டிக் நாடா ஒட்டியிருந்தார்கள், பக்கத்தில் பக்கத்தில் உட்காரக் கூடாது என்று. அப்பாவுக்குச் சோதனை செய்து தொற்றுதான் என்று உடனே சொல்லிவிட்டார்கள். எங்களுக்கும் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். எங்களுக்கு இப்போதைக்கு இல்லை. அப்பாவின் சட்டை, செருப்பு, பர்ஸ் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அம்மாவின் கையில் கொடுத்தார்கள். கண் விழித்ததும் போனை மட்டும் அவரே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாராம். அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

டாக்டர் வெளியே வந்தார். சின்ன வயசு. முகத்தில் மாஸ்க் பதிந்த கோடு. நின்றபடியே தூங்கிவிடுவார் போல இருந்தார்.

“சர்க்கரை இருக்கா?”

“இருக்கு. மாத்திரை சாப்பிடறார்” என்றாள் அம்மா.

“ஊசி போட்டிருக்காரா? அவரைக் கேட்டா இருமல்தான் வருது.”

“ரெண்டு தவணையும் போட்டாச்சு.”

“போடல” என்றான் அண்ணன்.

இரண்டும் ஒரே சமயத்தில் வந்தன. டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“உனக்கு என்னடா தெரியும்?” அம்மா அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“அவரே சொன்னாரும்மா. எனக்கு வேலை போன அன்னைக்கு மாடியில வந்து பக்கத்துல உட்கார்ந்தார். ‘நானும் போட்டுக்கலடா, நீ மட்டும் தனியா நிக்கறதா நினைச்சுக்காதே’ன்னார்.”

“உன்னைச் சமாதானப்படுத்தச் சொல்லியிருப்பார். பேப்பர் கடைத் தெரு முகாம்ல போட்டுக்கிட்டார். கார்டு இருக்கு.”

அம்மா அந்தப் பையைக் கிளறிப் பர்ஸை எடுத்தாள். அதிலிருந்து ஊசிக் கார்டை உருவி டாக்டரிடம் நீட்டினாள். தான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை.

“அந்தக் கார்டை அடிச்சதே நம்ம மெஷின்தானேம்மா” என்றான் அண்ணன் மெதுவாக. ஜெயித்தவன் மாதிரி சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற மாதிரி சொன்னான்.

உண்மைதான். இந்தப் பகுதி முகாம்களுக்கெல்லாம் வெற்றுக் கார்டு அடித்துக் கொடுத்தது நாங்கள்தான்.

“உங்கப்பாவைப் பொய்க் கார்டு போடறவர்னு சொல்றியா?”

“மேடம்” என்றார் டாக்டர். “கார்டு யார் அடிச்சாங்கங்கறது எனக்கு வேண்டாம். புதுசா ஒரு மருந்து வந்திருக்கு. எங்ககிட்ட ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கு. ஊசி போட்டவங்களுக்கு உடம்பே பாதி சமாளிச்சுக்கும். போடாதவங்க, அதுலயும் சர்க்கரை இருக்கறவங்க, அவங்களுக்குத்தான் முதல்ல குடுக்கறோம். இன்னைக்கே ஆரம்பிச்சாத்தான் பலன். முகாம் பதிவைப் பார்த்துச் சொல்ல நாளைக்கு ஆயிடும். போட்டாரா, போடலையா? எனக்கு ஒரு பதில் போதும்.”

கார்டு டாக்டரின் விரல்களுக்கு நடுவில் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கார்டுகளுக்கெல்லாம் மூலை வெட்டியது நான். பர்ஸில் வைத்தால் மூலை மடங்கக் கூடாது என்று நாலு மூலையும் வளைவாகக் கேட்டிருந்தார்கள். கையால் அழுத்துகிற ஒரு சின்ன மெஷின் உண்டு. கார்டைச் செருகு, அழுத்து, திருப்பு, அழுத்து. உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு விட்டுப்போனது. நடுவில் பிளேடு மழுங்கிவிட்டது. வெட்டுவதற்குப் பதிலாகக் கடிக்க ஆரம்பித்தது. எலி கொறித்த மாதிரி பிய்ந்துபோன கார்டுகளை அப்பா ஒன்று விடாமல் பொறுக்கி எடுத்துவிட்டார். “இப்படி ஒண்ணுகூட வெளியில போகக் கூடாது மேஸ்திரி, நம்ம பேர் கெட்டுடும்” என்று அவரே வேஸ்ட் பெட்டியில் போட்டார். பிளேடை மாற்றி, புதிதாக வெட்டித்தான் அனுப்பினோம்.

டாக்டரின் கையில் இருந்த கார்டில் மூன்று மூலை வளைவாக இருந்தது. ஒரு மூலை எலி கொறித்திருந்தது.

அம்மா அந்தக் கார்டை எத்தனை முறை பார்த்திருப்பாள்! தினம் நூற்றுக்கணக்கில் கார்டு எழுதுகிறவள்தான். ஆனால் அதை நர்ஸாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது. நிம்மதி கிடைத்ததும் மூலையை யார் பார்ப்பார்கள்?

“அம்மா.”

“நீ சும்மா இரு.”

“அம்மா, அது நம்ம வீட்டு வேஸ்ட் பெட்டிக் கார்டு.”

“என்னடி சொல்றே?”

“மூலையைப் பாரும்மா. பிளேடு கெட்டப்போ வெட்டினது. அது எந்த முகாமுக்கும் போகல. ஒண்ணுகூடப் போகல. அப்பாதான் எடுத்துப் போட்டார்.”

அம்மா டாக்டரிடமிருந்து கார்டை வாங்கினாள். கட்டைவிரலால் அந்த மூலையைத் தடவிப் பார்த்தாள். பிறகு மற்ற மூன்று மூலைகளையும் ஒவ்வொன்றாகத் தடவினாள். எனக்கு அழுகை வந்தது. அவள் என்னை அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

அவள் நிமிர்ந்தபோது குரல் மட்டும் முகாமில் பேசுகிற குரலாக இருந்தது.

“போடல டாக்டர். ஒரு தவணைகூடப் போடல. மருந்தை ஆரம்பிச்சுடுங்க.”

டாக்டர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். கதவு இரண்டு தடவை ஆடி நின்றது.

அம்மா உட்கார்ந்தாள். நாடா ஒட்டிய நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். அதை அவள் கவனிக்கவில்லை.

“எங்க முகாமுக்கே வாங்களேன், நானே போட்டு விடறேன்னு கூப்பிட்டேன்டி” என்றாள். “ ‘இத்தனை வருஷமா உன் கையால வாங்கினது போதாதா, ஊசி வேறயா’ன்னார். நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். கார்டைக் காட்டின அன்னைக்கு ராத்திரி எவ்வளவு நிம்மதியாத் தூங்கினேன் தெரியுமா?”

அண்ணன் சுவரோடு சுவராக நின்றான்.

“நான் அவரைப் போடாதீங்கன்னு ஒரு நாளும் சொல்லலம்மா.”

“தெரியும்.”

“போட்டுட்டேன்னு சொல்லியிருந்தாலும் நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். அவர் முடிவு. அதைத்தானே நான் மைக்ல கத்தறேன்.”

“தெரியும்டா. உட்கார்.”

“சத்தியமா சொல்லலம்மா.”

“உட்காருன்னு சொல்றேன்ல? நின்னு நின்னு எனக்குக் கால் வலிக்குது, உனக்கும் வலிக்கும். உட்கார்.”

உட்கார்ந்தான். அவன் மாஸ்க் மூக்குக்குக் கீழே இறங்கியிருந்தது. அம்மா எதுவும் சொல்லாமல் கையை நீட்டி அதை மேலே ஏற்றிவிட்டாள். என்னைத் தூது அனுப்பவில்லை. இரண்டு பேரும் எதிர்ச் சுவரில் எதையோ பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தார்கள். சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். சண்டையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான்.

இருட்டிய பிறகு அண்ணன் என்னை வீட்டில் விட்டான். போர்வையும் அம்மாவின் மாற்றுச் செருப்பும் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனான். “கதவைச் சாத்திக்க எலி” என்றான். என்னை அந்தச் செல்லப்பேர் சொல்லிக் கூப்பிட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

தூக்கம் வரவில்லை. அச்சகத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். மெஷினில் அண்ணன் நோட்டீஸின் அச்சுத் தகடு இன்னும் மாட்டியபடி இருக்கிறது. இங்க் காய்ந்துபோயிருக்கும், காலையில் கழுவ வேண்டும். இன்று ராத்திரி தாண்டினால் சொல்லலாம் என்றார்களாம். என்ன சொல்லலாம் என்று அம்மா சொல்லவில்லை.

சற்றுமுன் என் போன் அதிர்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்தேன். அனுப்பியது அப்பா. மூக்கில் மாட்டிய ஆக்சிஜன் குழாயோடு, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டியிருப்பார்.

“மேஸ்திரி, முழிச்சிருக்கியா? புது மருந்து ஏத்தறாங்க. அதிர்ஷ்டக்காரர், எல்லாருக்கும் கிடைக்காதுன்னு நர்ஸ் சொல்றாங்க. எனக்கு எப்படிக் கிடைச்சதுன்னு தெரியல.”

நான் பதில் எழுதுவதற்குள் இன்னொன்று.

“என் பர்ஸ்ல ஒரு கார்டு இருக்கும். அம்மா கண்ணுல படாம எடுத்துடு. நீ பார்த்தா உனக்கே விஷயம் புரியும். போட்டுக்கணும்னுதான்டா போனேன். வரிசை வரைக்கும் போயிட்டு, உங்க அண்ணன் முகம் ஞாபகம் வந்து திரும்பிட்டேன். வீட்டுக்கு வந்தா உங்கம்மா முகம். யாரையும் தனியா விட மனசு வரல.”

பிறகு வெகு நேரம், அவர் தட்டுவதைக் காட்டும் புள்ளிகள் வருவதும் மறைவதுமாக இருந்தன.

“நல்லாகி வந்து நானே அவகிட்ட சொல்லிக்கறேன். அது வரைக்கும் அவளுக்குத் தெரிய வேண்டாம். அந்தத் தெம்பிலதான் படுத்திருக்கேன். நீ சொல்லல இல்ல?”

“இல்லப்பா” என்று எழுதினேன். அழித்தேன். “சொன்னதாலதான்பா மருந்து கிடைச்சது” என்று எழுதினேன். அதையும் அழித்தேன்.

நான் எழுதுவதும் நிறுத்துவதும் அங்கே அவருக்கும் புள்ளிகளாகத் தெரிந்துகொண்டிருக்கும். மூச்சு வாங்கிக்கொண்டு, போனை நெஞ்சின் மேல் பிடித்துக்கொண்டு, அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அவருக்கு நான் இப்போது என்ன பதில் போடுவது?